சுவாதியின் பூர்வீகம்

ஊர்ப்பெயர்களின் தோற்றம் குறித்து மக்கள் கட்டும் கதைகள் சுவையானவை. சுவையானவை என்பதனாலேயே அவை உண்மையாகிவிடுவதில்லை. ஆவடி என்னும் பெயர், 'ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது என்று கூறுவோர் இன்றும் பலர் உளர். எழுத்துகள் பொருந்துகின்றன, ஊரில் டாங்கிகள் செய்யும் ஆலையும் இருக்கிறது, கேட்பவர் தலையசைத்துவிடுகிறார். ஆனால் கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே எழுந்தது 1960களில்தான். சோஷலிசப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்த காங்கிரசு மாநாடு 1955 சனவரியில் கூடியபோதே 'ஆவடி மாநாடு' என்று பெயர் பெற்றுவிட்டது. ஆலை வருமுன்பே ஊர்ப்பெயர் நாடறிந்ததாக இருந்தது. பொருத்தம் என்னும் முதற்சாட்சி கூறியதைக் காலம் என்னும் இரண்டாம் சாட்சி மறுத்துவிடுகிறது.

பூர்வீகம் தேடும் கலை மண்ணோடு நின்றுவிடுவதன்று. விண்மீன்களுக்கும் பூர்வீகம் உண்டு. அவற்றுள் சில நம் பால்வழி மண்டலத்திலேயே பிறந்தவை. சில, சிதைந்துபோன வேறு மண்டலங்களிலிருந்து வந்து கலந்தவை. எது மண்ணின் மைந்தன், எது அயலூரான் என்று பிரித்தறியும் முயற்சி இன்றைய வானியலின் பெரிய வரலாற்றாய்வாக வளர்ந்துள்ளது. அவ்வாய்விலும் பொருத்தத்தை மட்டுமே நம்பி வழுக்கியவர்கள் உண்டு. இரண்டாம் சாட்சியை அழைத்து உண்மை கண்டவர்களும் உண்டு. சுவாதி என்னும் ஒரு விண்மீனின் கதை இதனை நன்கு விளக்கும்.

நகரும் விண்மீன்

வைகாசித் திங்களின் பிற்பகுதியில், இரவு ஒன்பது மணியளவில், அம்பத்தூர் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து நோக்கினால், உச்சிக்குச் சற்று வடக்கே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விண்மீன் ஒளிரும். தொழிற்பேட்டையின் விளக்கொளி வானத்தை வெளுக்கச் செய்தபோதிலும் அதனை மறைக்க இயலாது. சப்தரிஷி மண்டலத்தின் வால்வளைவை நீட்டிக்கொண்டே சென்றால் முதலில் எதிர்ப்படுவது அதுவே. மேலும் நீட்டினால் சித்திரை வரும். மழைத்துளியை முத்தாக்கும் நாளுக்கு உரியதென்று மரபு போற்றும் சுவாதி அது. மேனாட்டார் அதனை ஆர்க்டூரஸ் என்பர். அதன் தொலைவு சுமார் 37 ஒளியாண்டு.

விண்மீன்கள் நிலைபெயரா என்ற நம்பிக்கையை முதலில் குலைத்தவற்றுள் சுவாதியும் ஒன்று. 1718ஆம் ஆண்டில் எட்மண்டு ஹாலி, பண்டைக் கிரேக்கர் குறித்துவைத்த இடங்களைத் தம் காலத்து அளவீடுகளோடு ஒப்பிட்டு, சுவாதி முதலிய சில விண்மீன்கள் இடம் மாறியிருப்பதைக் கண்டார். சுவாதியின் நகர்வு ஆண்டுக்கு இரண்டேகால் விகலைக்குச் சற்று மிகுதி. சொல்லும்போது மிகச் சிறிதாகத் தோன்றும் இவ்வளவு, நூற்றாண்டுகள் கூடக்கூடப் பெரிதாகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் குன்றத்தூர்ச் சேக்கிழார் கண்டிருக்கக்கூடிய சுவாதிக்கும், இன்று பக்கத்துப் பூந்தமல்லியில் நின்று ஒருவர் காணும் சுவாதிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு முழுநிலவின் அகலம் இடைவெளி உண்டு.

இத்தகைய நகர்வை அறிய ஒரு தலைமுறையின் உழைப்பு போதாது. முன்னோர் ஒருவர் துல்லியமாகக் குறித்துவைக்க வேண்டும். பின்னோர் ஒருவர் அதனை எடுத்து ஒப்பிட வேண்டும். பழம்பட்டியல்கள் வானியலுக்குக் கல்வெட்டுகள் போன்றவை என்பது இதனாலேயே.

அத்தகைய கல்வெட்டு ஒன்று சென்னையிலேயே எழுதப்பட்டது. 1786இல் வில்லியம் பெட்ரி தம் இல்லத்தில் அமைத்த சிறு வானாய்வகம் கம்பெனியாரின் கைக்கு மாறி, 1792இல் மைக்கேல் டாப்பிங் வகுத்த கட்டடத்தில் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. 1830இல் அங்கு வந்த தாமஸ் கிளான்வில் டெய்லர், ஆண்டுக்கணக்கில் இரவு விழித்து 11,015 விண்மீன்களின் இடங்களை அளந்தார். அவருடைய சென்னைப் பட்டியல் 1844இல் வெளிவந்தது. 1901இல் டௌனிங் என்பார் அதனைத் திருத்தி மீண்டும் பதிப்பித்தார். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அளவீடுகள் பின்வந்தோர்க்கு எவ்வளவு மதிப்புடையனவாக இருந்தன என்பதற்கு அப்பதிப்பே சான்று. அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வை நம் மக்களுக்கு விளக்க நூலும் எழுதினார். இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது.

இரு பெரும் ஓடைகள்

பட்டியல்கள் பெருகியபின், விண்மீன்கள் எப்படி நகர்கின்றன என்ற வினா எழுந்தது. தேனீக்கூட்டம்போல் எத்திசையிலும் ஒழுங்கின்றி நகரும் என்பதே பலரது எண்ணம். 1904இல் நெதர்லாந்து அறிஞர் காப்டைன், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய மாநாட்டில் வியப்புக்குரிய ஒரு முடிவை அறிவித்தார். விண்மீன்களின் நகர்வு ஒழுங்கற்றதன்று. அவை இரு பெரும் ஓடைகளாக எதிரெதிர்த் திசைகளை விரும்பிச் செல்கின்றன என்றார் அவர். வேறு வேறிடங்களில் தோன்றிய இரு கூட்டங்கள் நம் அருகே ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன என்ற பொருள் அதிலிருந்து எளிதாகப் பெறப்பட்டது.

காப்டைன் கண்ட நகர்வு உண்மை. அதற்குக் கற்பித்த பூர்வீகமே பிழை. 1920களில் லிண்ட்பிளாடும் ஊர்ட்டும் பால்வழி மண்டலம் முழுவதும் சுழல்கிறது என்று நிறுவியபோது, 'இரு ஓடைகள்' அச்சுழற்சியின் இயல்பான விளைவு என்று தெளிவாயிற்று. இரு குடிகள் இல்லை. ஒரே மண்டலத்தின் ஒரே ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இரு குடிகளாக எண்ணிவிட்டனர். சேர்ந்து செல்பவை சேர்ந்து பிறந்தவை என்று கொள்வதன் இடர் அன்றே வெளிப்பட்டது. எனினும் அப்பாடம் அடுத்த தலைமுறைகளிலும் மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று.

சிதைந்த மண்டலங்களின் எச்சம்

நம் பால்வழி மண்டலத்தைத் தோசைக்கல் போன்ற தட்டு என்று கொள்ளலாம். சூரியனும் பெரும்பாலான விண்மீன்களும் அத்தட்டில் சுழல்கின்றன. தட்டைச் சூழ்ந்து மேலும் கீழும் பரந்த கோளவடிவப் புறவெளி ஒன்றுண்டு. அங்கே மிகப் பழைய விண்மீன்கள் அரிதாகச் சிதறிக் கிடக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன?

1962இல் எக்கென், லிண்டன்-பெல், சாண்டேஜ் ஆகிய மூவரும், ஒரே மாபெரும் வாயுத்திரள் விரைந்து சுருங்கியதால் மண்டலம் உருவாயிற்று என்றனர். 1978இல் சியர்லும் சின்னும் இதனை மறுத்து, சிறு சிறு துண்டங்கள் நெடுங்காலம் வந்து வந்து சேர்ந்ததாலேயே புறவெளி அமைந்தது என்றனர். ஒன்று, ஒரே குலம் பெருகி ஊரானது என்னும் கதை. மற்றொன்று, பல ஊரார் குடியேறி ஊரானது என்னும் கதை.

சிறு மண்டலம் ஒன்று பெரியதன் அருகே வந்தால் ஏன் அகப்பட்டுக்கொள்ள வேண்டும், வந்த வழியே விலகிச் செல்லலாகாதா என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை தரும் கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். எண்ணற்ற விண்மீன்களுக்கிடையே ஒரு பெரும்பொருள் செல்லும்போது, அதன் ஈர்ப்பு அவ்விண்மீன்களைத் தன் பின்னே திரளச் செய்கிறது. அத்திரள் அதனைப் பின்னுக்கு இழுக்கிறது. மோதல் ஏதுமின்றியே வேகம் குறைகிறது. 1943இல் அவர் வகுத்த இவ்விளைவு 'இயக்க உராய்வு' எனப்படுகிறது. விருந்தாளியாக வரும் சிறு மண்டலம் வேகமிழந்து, சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கிச் சிதைவது இதனால்தான்.

சிதைவதும் ஒரே நொடியில் நிகழ்வதன்று. கடலில் ஓதத்தை எழுப்பும் அதே ஈர்ப்பு வேற்றுமை, சிறு மண்டலத்தின் அண்மைப் பக்கத்தைக் கூடுதலாகவும் சேய்மைப் பக்கத்தைக் குறைவாகவும் இழுத்து அதனை நீட்டிப் பிய்க்கிறது. பிய்ந்த விண்மீன்கள் முன்னும் பின்னும் இரு வால்களாக நீண்டு, பழைய பாதையிலேயே ஓடைபோல் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1994இல் இபாட்டா, கில்மோர், இர்வின் ஆகியோர் தனுசு திசையில் அத்தகைய சிறு மண்டலம் ஒன்றைக் கண்டனர். சுமார் 70,000 ஒளியாண்டுத் தொலைவில், பால்வழி மையத்துக்கு அப்பால், அது இப்போதும் சிதைந்துகொண்டிருக்கிறது. அதன் ஓடை நம் மண்டலத்தையே சுற்றிக் கிடப்பது பின்னர் வெளிப்பட்டது. 1999இல் அமினா ஹெல்மியும் உடனாய்வாளரும், ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்த நகர்வுகளைக் கொண்டு, சூரியனின் அக்கம்பக்கத்திலேயே பழம்பெரும் சிதைவொன்றின் எச்சத்தை இனங்கண்டனர். குடியேற்றக் கதை வலுப்பெற்றது.

சுவாதி மீது வழக்கு

இந்தச் சூழலில்தான் சுவாதியின் மீது ஐயம் விழுந்தது. சூரியன் பால்வழி மையத்தை நொடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றி வருகிறது. சுவாதியோ அதற்கு நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்தங்கிச் செல்கிறது. அது தனியாகவும் செல்லவில்லை. அதே அளவு பின்தங்கும் வேறு சில விண்மீன்களும் இருப்பதை 1971இல் எக்கென் எடுத்துக்காட்டினார். அக்கூட்டம் 'ஆர்க்டூரஸ் ஓடை' என்று பெயர் பெற்றது. தமிழில் அதனைச் சுவாதி ஓடை எனலாம். 2004இல் நவாரோ, ஹெல்மி, ஃபிரீமன் ஆகிய மூவரும், அவ்வோடை நெடுங்காலத்துக்கு முன் சிதைந்த வேற்று மண்டலம் ஒன்றின் எச்சம் என்று வாதிட்டனர். வெறுங்கண்ணுக்குத் தெரியும் மிகப் பிரகாசமான விண்மீன்களுள் ஒன்றாகிய சுவாதி நம் மண்டலத்தில் பிறந்ததன்று என்பது அவ்வாதத்தின் பொருள். கேட்பார் உள்ளத்தைக் கவரும் கருத்து அது. நடை வேறு, வேகம் வேறு; எனவே ஊரும் வேறு.

ஆனால் நடை என்பது ஒரு சாட்சி மட்டுமே. காலையில் திருவள்ளூரிலிருந்து வரும் மின்தொடரில் ஆவடியையும் அம்பத்தூரையும் நோக்கி நூற்றுக்கணக்கானோர் ஒரே திசையில், ஒரே வேகத்தில் செல்கின்றனர். அவர்கள் அனைவரும் ஓரூரார் அல்லர். ஒருவர் நெல்லைக்காரர், ஒருவர் தருமபுரிக்காரர், ஒருவர் ஆந்திர எல்லையிலிருந்து வந்தவர். அவர்களை ஒன்றாக நகர்த்துவது வண்டியே அன்றிப் பிறப்பன்று. பூர்வீகம் அறிய வேண்டுமாயின் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும். முகவரி மாறும், வேலை மாறும், சொல்லின் சாயல் எளிதில் மாறாது.

விண்மீனின் பேச்சு அதன் நிறமாலை. ஒரு விண்மீனின் ஒளியைப் பிரித்து நோக்கினால், அதன் மேற்பரப்பில் இரும்பு எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று கணக்கிடலாம். அது எந்த வாயுவிலிருந்து பிறந்ததோ அதன் கலவை பெரும்பாலும் அங்கே அப்படியே தங்கியிருக்கும். பெருத்த விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து மக்னீசியம், சிலிக்கன் முதலியவற்றை மிகுதியாகத் தருகின்றன. இரும்பை மிகுதியாகத் தருவது, காலந்தாழ்ந்து வெடிக்கும் வேறு வகை விண்மீன்கள். பெரிய மண்டலத்தில் விண்மீன் பிறப்பு விரைந்து நடப்பதால், இரண்டாம் வகை வெடிக்குமுன்பே கலவை செறிந்துவிடும். சிறு மண்டலத்தில் பிறப்பு மெதுவாக நடப்பதால், ஒரே அளவு இரும்புள்ள விண்மீன்களை ஒப்பிடுங்கால் சிறு மண்டலத்தாரிடம் மக்னீசியம் குறைந்திருக்கும். வேற்று மண்டலத்தானைக் காட்டிக்கொடுக்கும் உச்சரிப்பு இதுவே.

இந்த இரண்டாம் சாட்சியை முறையாக விசாரித்தவர்களுள் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரம்யாவும் ஈஸ்வர் ரெட்டியும் குறிப்பிடத்தக்கவர்கள். அமெரிக்க அறிஞர் டேவிட் லாம்பர்ட்டுடன் சேர்ந்து 2012இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சுவாதி ஓடையைச் சேர்ந்த 18 விண்மீன்களும், அதனையொத்த மற்றோர் ஓடையின் 26 விண்மீன்களும் 20 தனிமங்களுக்காக அளந்து பார்க்கப்பட்டன. விடை தெளிவாக வந்தது. ஓடையிலுள்ள விண்மீன்களின் இரும்பளவு ஒன்றுபோல் இல்லை; ஆகவே அவை ஒரே கொத்தில் பிறந்து சிதறியவை அல்ல. ஒவ்வொன்றின் கலவையும், அதே இரும்பளவு கொண்ட நம் மண்டலத் தட்டின் பழைய விண்மீன்களுடைய கலவையோடு ஒத்திருந்தது. ஆகவே அவை சிதைந்த வேற்று மண்டலத்தின் எச்சமாக இருத்தல் அரிதினும் அரிது. நம் மண்டலத்துக்குள்ளேயே எழுந்த ஈர்ப்பு அசைவுகளே அவற்றைத் திரட்டி ஒரு திசையில் ஓடச் செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. மின்தொடர் உவமையில் சொல்வதானால், பயணிகள் உள்ளூர்க்காரர்கள்; வண்டிதான் அவர்களை வேறாகக் காட்டிற்று.

இம்முடிவை வழங்கிய நிறுவனத்தின் பூர்வீகமும் எண்ணத்தக்கது. நுங்கம்பாக்கத்து ஆய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறிற்று. 1971இல் அதுவே தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனமாயிற்று. ஹாலிக்குப் பின்வந்த டெய்லர் எண்ணிறந்த விண்மீன்களை அளந்த அதே மரபு, சுவாதியின் வழக்கிலும் சாட்சியை விசாரித்திருக்கிறது.

அயலவர் உண்மையில் உண்டு

சுவாதி ஓடை உள்ளூரது என்பதால் குடியேற்றக் கதை முழுவதும் பொய்யாகிவிடவில்லை. 2013 டிசம்பரில் ஐரோப்பியர் ஏவிய கையா செயற்கைக்கோள், 2025 வரை பணியாற்றி, ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் இடங்களை அளந்தது. 2018இல் அதன் தரவுகளைக் கொண்டு பெலோகுரோவ் குழுவும் ஹெல்மி குழுவும் தனித்தனியே ஓர் உண்மையை நிறுவின. ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய துணைமண்டலம் நம் மண்டலத்தோடு மோதிக் கலந்தது; சூரியனின் சுற்றுப்புறத்தில் உள்ள புறவெளி விண்மீன்களில் பெரும்பகுதி அதன் மக்கள். ஹெல்மி அதற்குக் கிரேக்கப் புராணத்து அரக்கன் என்செலாடஸின் பெயரை இட்டார். அவ்விண்மீன்கள் நீண்டு குறுகிய பாதைகளில் மையத்தை நோக்கிப் பாய்ந்து மீள்கின்றன. அவற்றின் மக்னீசிய அளவும் குறைந்திருக்கிறது. இங்கே நடையும் பேச்சும் ஒன்றையே சொல்லுகின்றன. சுவாதியை விடுவித்த அதே விசாரணை என்செலாடஸை அயலவன் என்று உறுதிசெய்தது.

வழக்கு இன்னும் முடியாத இடங்களும் உண்டு. 2024இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பணியாற்றிய இந்தியரான கியாதி மல்ஹானும் ஹான்ஸ்-வால்டர் ரிக்ஸும் இரு புதிய கூட்டங்களைக் கண்டு அவற்றுக்குச் சக்தி, சிவா என்று பெயரிட்டனர். பால்வழி மண்டலம் உருவாகத் தொடங்கிய காலத்தில், 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒன்றாகக் கலந்த தொல்துண்டங்களாக அவை இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் மாற்று விளக்கம் ஒன்றைத் தந்தனர். நம் மண்டலத்தின் நடுவே விண்மீன்களாலான நீண்ட பட்டை ஒன்று சுழல்கிறது. ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளுவதுபோல் அது விண்மீன்களை அசைத்து, பூர்வீகம் வேறுவேறாக உள்ளவற்றையும் ஒரே நடையில் திரளச் செய்யும். சக்தியும் சிவாவும் அவ்வாறு திரண்டவையாக இருத்தல் கூடும் என்றனர். காப்டைனின் ஓடைகளுக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேருமா, என்செலாடஸைப்போல் இவையும் நிலைபெறுமா என்பதை இனி வரும் நிறமாலைகளே தீர்க்கும்.

மேற்கே செல்லும் வழிகள்

அவ்விசாரணையில் நம் நாட்டுக் கண்களும் விழித்திருக்கின்றன. 1856இல் தென்னாட்டின் முதல் புகைவண்டி ராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கிச் சென்ற அந்த இருப்புப்பாதைத் தடம், அம்பத்தூர், ஆவடியைத் தாண்டி மேற்கே நீண்டு வாணியம்பாடியைத் தொடுகிறது. அங்கிருந்து ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். சென்னையிற் பிறந்த வைணு பாப்பு தேர்ந்தெடுத்த அம்மலையில், 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. பூந்தமல்லி வழியாகச் சென்ற பழைய பெங்களூர்ப் பெருஞ்சாலையோ, பெங்களூரைச் சேருமுன் ஒசகோட்டையைத் தொடும். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், ஹன்லே என்னுமிடத்தில் உள்ள தொலைநோக்கியை ஆய்வாளர்கள் அந்த ஒசகோட்டையில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். அத்தொலைநோக்கியில் பொருத்திய நிறமாலைக் கருவியால், சிவராணியும் அவர் குழுவினரும் புறவெளியின் உலோகம் குன்றிய விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்து வந்துள்ளனர். ஒவ்வொன்றின் பேச்சையும் தனித்தனியே கேட்டெழுதும் பணி அது.

நூறாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு காட்டும் முறை ஒன்றே. நடையைக் கண்டு ஐயுறலாம். ஐயுற்றதனாலேயே தீர்ப்பு எழுதலாகாது. கூட்டத்தைக் கண்டு பெயரிடலாம். பெயரிட்டதனாலேயே அது குலமாகிவிடாது. சுவாதியை 2004ஆம் ஆண்டின் கருத்து அயலாக்கிற்று. எட்டாண்டு கழித்து, அதன் கூட்டத்தாரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர்கள் அதனை நம் மண்டலத்துக்கு மீட்டளித்தனர். இரு கருத்துகளுக்கும் இடையே சுவாதியின் நடை மாறவில்லை. சூரியனுக்கு நொடிக்கு நூறு கிலோமீட்டர் பின்தங்கி, முன்போலவே அது சென்றுகொண்டிருக்கிறது.